உள்ளே எத்தனை பேர்?

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பச்சைப் பொய். உங்கம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனவள்தான், அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்லவேண்டியது நின்றுபோகும். எழுதி முடித்ததும் நம் கிரேன் பசவனிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ராக்கெட் வரைபடம் படிக்கிறவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

நீ கேட்டது ஒரே கேள்விதான். உன் கம்பெனி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்குகிறது. காசு கொடுத்து ஏறுகிறவர்களோடு கம்பெனி ஆள் ஒருவரையும் அனுப்புவார்களாம். இந்த முறை அந்த இடத்துக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "அப்பா, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல" என்றாய். முப்பத்திரண்டு வயதில், கடல் தாண்டிப் போய் வேலை பார்க்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதும் என்னைக் கேட்காதவள், இதற்கு மட்டும் என்னைக் கேட்கிறாய். ஏன் கேட்கிறாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அண்ணன் தினேஷை வைத்துத்தான் கேட்கிறாய். அவன் இருந்திருந்தால் உத்தரவு கேட்டிருக்க மாட்டாய், செய்தி மட்டும் சொல்லியிருப்பாய்.

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஊருக்குச் செய்தி போய்விட்டது. உங்கம்மா எதிர்வீட்டில் சொன்னாள். அங்கே சொன்னால் நூறடி ரோட்டில் மைக் வைத்த மாதிரி. மறுநாள் காலையில் பிளக்ஸ் கடை பெரியசாமி நம் கிரேன் ஷெட்டுக்கு வந்துவிட்டான். கையில் போன், போனில் உன் படம். பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தின் தலையை வெட்டி யாரோ ஒருவருடைய விண்வெளி உடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தான். பின்னால் தேசியக்கொடி பறந்தது.

"மாமா, இண்டூர் ரோட்லயிருந்து ஹைவே வரைக்கும் வெச்சிடலாமுங்க. நம்ம நாட்டுக் கணக்குல ஒண்ணு ஏறுதுங்களே, சும்மாவா?"

"என்னடா கணக்கு?"

"எந்த நாடு எத்தன தடவ ஆளுங்கள மேல அனுப்புச்சுன்னு நெட்ல வரிசையா போட்ருக்காங்க மாமா. பாருங்க, நாம கீழதான் இருக்கறோம். இனிமே பாருங்க."

உன் கம்பெனி நம் நாட்டுக் கம்பெனி இல்லை என்று அவனுக்குத் தெரியாது. நீயே இப்போது இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்பதும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் நீ அங்கே கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாயே, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ராக்கெட் பக்கத்தில் வேலை செய்ய அது வேண்டியிருக்கிறது என்று நீ சொன்னாய். சரி என்று விட்டேன். ஆனால் பெரியசாமி அந்தக் கொடியைக் காட்டியபோது நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். அவனிடம் ஒன்று சொல்ல வாய்வரை வந்தது. நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எண்ணும்போது பெண்பிள்ளையை எண்ணுவதில்லை. தினேஷ் போன பிறகு நம் வீட்டுக்கு ஒரே தலைக்கட்டு, அது நான். நான் கண்ணை மூடினால் நம் வீடு அந்தக் கணக்கிலேயே இருக்காது. கோயில் கணக்கில் இல்லாத பெண்ணை நாட்டுக் கணக்கில் ஏற்ற வந்துவிட்டான். பொறுடா, அவள் போய்விட்டு வரட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவன் காட்டிய வரிசை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் புதன்கிழமை நானே உனக்குப் போன் செய்தேன். பதில் சொல்லப்போகிறேன் என்று நினைத்து நீ ஒரே பெல்லில் எடுத்தாய். நான் அதை விட்டுவிட்டு, தனியார் கம்பெனி விடுகிற ராக்கெட்டை நாட்டுக் கணக்கில் எப்படி ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன். உன் பெருமூச்சு எனக்குக் கேட்டது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னாய்.

"கம்பெனி எந்த நாட்டு லைசென்ஸ்ல விடுதோ அந்த நாட்டுக் கணக்குலதான்ப்பா சேர்ப்பாங்க. சிலபேரு எந்த மண்ணுலயிருந்து கிளம்புச்சுன்னு பாத்து எண்ணுவாங்க. ரெண்டும் வேற வேற நாடா இருந்தா பட்டியலுக்குப் பட்டியல் மாறும்."

"காசு போட்டவன்?"

"அது கணக்குல வராதுப்பா."

"வேற நாட்டுக்காரன் உள்ள உக்காந்து போனா?"

"ராக்கெட்டு அந்த நாட்டுக் கணக்கு, ஆளு அவரோட நாட்டுக் கணக்கு. நம்மாளு ஒருத்தர் அப்படித்தான போனாரு."

"அப்ப உன்னோடது?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, உன்னுடையது அந்தப் பெரிய பட்டியலிலேயே வராது என்றாய். பூமியைச் சுற்றினால்தான் அதில் சேர்ப்பார்களாம். நீங்கள் மேலே போய், கொஞ்ச நேரம் மிதந்து, அப்படியே இறங்குகிறவர்கள். அதற்கு வேறொரு பட்டியல் உண்டு. சிலர் எண்ணுவார்கள், சிலர் எண்ண மாட்டார்கள். விண்வெளி எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்பதிலேயே அவர்களுக்குள் ஒத்துவரவில்லையாம். எண்பது கிலோமீட்டர் என்கிறவன் ஒருத்தன், நூறு என்கிறவன் ஒருத்தன்.

கடைசியில் நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் யார் கணக்கு?

"அடுத்த நாட்டு மண்ணுல விழுந்து சேதமாச்சுன்னா அனுப்புன நாடுதான்ப்பா பொறுப்பு. தனியார்னு கைய விரிக்க முடியாது."

"உள்ள இருக்கறவங்களுக்கு?"

"உள்ள இருக்கறவங்க... எல்லாம் தெரிஞ்சுதான் ஏர்றோம்னு கையெழுத்துப் போட்டுட்டு ஏறுவோம்."

மேலே போனால் நாட்டுக் கணக்கு, விழுந்தால் சொந்தக் கணக்கா என்று நான் கத்தினேன். இந்த முறை ஆறு பேர் ஏறுகிறோம் என்று மட்டும் சொன்னாய். ஆறு பேர் ஏறினாலும் பட்டியலில் ஒன்றுதானா என்றேன். "ஆமாம்ப்பா. ஒரு தடவ கிளம்புனா ஒண்ணு. எத்தன பேரு இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாய். அதற்குப் பிறகு உன்னிடம் பேச எனக்குத் தெம்பில்லை. இந்த முறை சார்ஜ் என்று பொய் சொல்லவில்லை, சும்மா வைத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை, கண்ணு. எண்ணுகிறவர்கள்மேலும் இல்லை. எண்ணுகிறவனுக்கு ஏதாவது ஒரு விதி வேண்டும். கணவாயில் கவிழ்ந்த வண்டிகளை இத்தனை வருஷமாகத் தூக்குகிறவன், நான் பார்க்காததா? லாரி நாமக்கல்காரருடையது, நம்பர் கர்நாடகா, டிரைவர் ஆந்திரா, ஏற்றிய சரக்கு வடக்கே எங்கேயோ போவது. அது கவிழ்ந்தால் எங்கே முதலில் இடித்ததோ அந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குத்தான் கணக்கு. இந்த மாவட்டத்தில் இடித்து அந்த மாவட்டத்தில் போய்க் கிடக்கும். ரோட்டில் டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்து, பேப்பர்காரர்கள் வரை எல்லோரும் அந்த எல்லைப் பெயரைத்தான் எழுதுவார்கள். வருஷக் கடைசியில் இத்தனை விபத்து என்று ஒரு எண் வரும். ஒரு வண்டி விழுந்தால் ஒரு விபத்து. ஒற்றை ஆள் போனாலும் ஒன்று, கல்யாண வேன் போனாலும் ஒன்று. அந்த எண் தப்பில்லை. ரோட்டைச் சரிசெய்ய அது வேண்டும். ஆனால் கிரேனில் நிற்கிறவன் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஆளைக்கூட வெளியே எடுக்க முடியாது.

எங்கள் தொழிலில் கொக்கியை மாட்டுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. நீ சின்னவளாக இருந்தபோது ஷெட்டில் விளையாட்டாகக் கத்திக்கொண்டே ஓடுவாய், அதுதான். வண்டிப் பக்கத்தில் நின்று சத்தமாகக் கேட்கவேண்டும்: உள்ளே எத்தனை பேர்? தமிழில் நான் கேட்பேன். பசவன் அவன் வீட்டுக் கன்னடத்தில் "எஷ்டு ஜனா?" என்று கேட்பான். ஆந்திரா வண்டி என்றால் தெலுங்கில் "எந்த மந்தி?" என்றும் கேட்போம். சுற்றி நிற்கிற கூட்டம் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருந்தவன் வாயிலிருந்து வரவேண்டும், அவனுக்குப் பேச முடியாவிட்டால் நாங்களே ஒவ்வொரு மூலையும் கையை விட்டுப் பார்க்கவேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு வண்டியில் டிரைவரை எடுத்தாயிற்று என்று தூக்கப்போனோம். சீட்டுக்குப் பின்னால் படுத்திருந்த கிளீனர் முனகினான். வண்டிக் காகிதத்தில் டிரைவர் பெயர் இருக்கும். சரக்குக் காகிதத்தில் மூட்டை எத்தனை என்று இருக்கும். கிளீனர் பெயர் எதிலும் இருக்காது. வழியில் கை காட்டி ஏறினவன் பெயரும் இருக்காது. அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

இனி எழுதப்போவது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை.

உன் அண்ணன் போன அன்று மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். தினேஷ் சேலத்துக் காலேஜுக்குத் திரும்பப் போக ரோட்டுக்குப் போயிருந்தான். பஸ்ஸில்தான் போவான் என்று நினைத்தோம். நம் ஷெட் முன்னால் நின்றால் எந்த லாரிக்காரனும் நிறுத்துவான், கிரேன்காரர் மகன் என்று ஏற்றிக்கொள்வான். அன்றும் அப்படித்தான் தக்காளி லோடு வண்டி ஒன்றில் ஏறியிருக்கிறான். கால் மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது, கணவாய் இறக்கத்தில் தக்காளி வண்டி ஒன்று கவிழ்ந்துவிட்டது என்று. சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். உங்கம்மா தயிர் ஊற்ற வந்தவள், இதையாவது சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவரை எடுத்து ஆம்புலன்சில் படுக்க வைத்திருந்தார்கள். கிளீனர் இறந்துவிட்டிருந்தான். ரோடு முழுக்கத் தக்காளி. நின்ற வண்டிகளின் வரிசை மேட்டைத் தாண்டிப் போயிருந்தது. "ரெண்டே பேருதாங்க, எடுத்தாச்சு. நீங்க தூக்குங்க, டிராபிக் நிக்குது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பசவன் கிரேன் பெல்ட்டை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். நான் ஆம்புலன்ஸ் பக்கம் போய் அந்த டிரைவரிடம் குனிந்து கேட்டேன். எந்த மந்தி? அவனுக்கு உதடு கிழிந்திருந்தது. "முக்குரு" என்றான். மூன்று பேர்.

திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். கூட்டம் என்னைத் திட்டியது. ஹாரன் அடித்தார்கள். நானும் பசவனும் தக்காளிப் பெட்டிகளைக் கிரேட்டு கிரேட்டாக எடுத்து ரோட்டோரம் அடுக்கினோம். நசுங்கின தக்காளியில் கை வழுக்கியது; எது சாறு, எது ரத்தம் என்று தெரியவில்லை. கேபினுக்கும் லோடுக்கும் நடுவில் பசவன் முதலில் எதையோ பார்த்தான். சட்டென்று எழுந்து என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். இத்தனை வருஷத்தில் அவன் என்னைத் தொட்டுத் தள்ளினதில்லை.

"அண்ணா, நீங்க அந்தப் பக்கம் போங்க."

"யாருடா?"

"போங்கண்ணா. நான் பாத்துக்கறேன், நீங்க வராதீங்க."

அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் போகவில்லை. மிச்சமிருந்த கிரேட்டுகளை நானே எடுத்தேன். அவனை வெளியே எடுத்ததும் நான்தான். மேலே ஒரு கீறல் அதிகமாகப் படாமல் எடுத்தேன். இடித்த கணத்திலேயே போய்விட்டான், வேதனைப்பட்டிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூட்டம் சொன்ன இரண்டை நம்பி வண்டியைத் தூக்கியிருந்தால் அந்த லோடு முழுக்க அவன்மேல் இறங்கியிருக்கும். நான் ரோட்டைத் திறந்துவிட்டு, ஷெட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டு, அவன் காலேஜ் போய்ச் சேர்ந்துவிட்டானா என்று போன் போட்டிருப்பேன்.

நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்தாய். மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தாய். தக்காளி லாரி கவிழ்ந்து ஒருவர் பலி, டிரைவர் காயம் என்று போட்டிருந்தது. யாரோ அவசரத்தில் முதலில் சொன்ன கணக்கு அது. "அப்பா, இதுல அண்ணன் இல்லையே" என்றாய். அழவில்லை, சண்டை போடுகிற மாதிரி கேட்டாய். அதற்கு மறுநாளும் பார்த்தாய், அதிலும் வரவில்லை. அதற்குள் வேறு வண்டி விழுந்துவிட்டது. ராக்கெட் வேலைக்குப் போன பிறகு நீ எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுவாய் என்று உன் சிநேகிதி ஒருத்தி கேலி செய்ததாகச் சொன்னாயே, அப்போது எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்தது.

அதிலிருந்து உங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரு தகராறு நடந்துகொண்டே இருக்கிறது, நீ அறியமாட்டாய். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நான் ஒரு பொண்ணு என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். உங்கம்மா ரெண்டு என்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம்கூட ரெண்டு என்பாள். தீர்த்தமலைக்குப் போன இடத்தில் ஒரு அம்மாள் விடாமல், "பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டாள். "அவன்தான் மூத்தவன், இப்ப இல்லீங்க. ஆனா ரெண்டுதாங்க" என்றாள் உங்கம்மா. கீழே இறங்கி வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஊரெல்லாம் சொல்லி அழணுமா என்றேன். அவள் அழவில்லை. நான்தான் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகப் பேசியது ஒரே ஒரு தடவை. நேற்று கிரேனுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்து வைத்தவள் போகாமல் நின்றாள்.

"வேண்டாம்னு சொல்லிடப் போறீங்களா?"

"நீ என்ன சொல்ற?"

"எனக்குப் பயமாத்தான் இருக்குது. ஆனா செத்தவனக் காட்டி இருக்கறவளக் கட்டிப்போடக் கூடாதுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீ ஆறிப்போனது.

அதனால் கேட்டுக்கொள். எனக்கு நீ போவது பிடிக்கவில்லை. நூறு தடவை கேட்டாலும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன். இரும்புக்குள் மனிதன் உட்கார்ந்து வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று உன் கம்பெனியில் பலபேரைவிட அதிகமாகக் கையால் தொட்டுப் பார்த்தவன் நான். ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போ. போயிட்டு வா.

ஆனால் அந்தப் பட்டியல் எதையும் நம்பி ஏறாதே. எந்த நாட்டு வரிசையில் அது ஒன்றாக ஏறுகிறது, எந்த வரிசையில் ஏறவில்லை என்பது அவர்கள் பாடு. பெரியசாமி வைக்கிற பிளக்ஸும் அப்படித்தான். வைக்கட்டும், மழை வந்தால் கிழியும். ஏறுவதற்கு முன் உன்னோடு வருகிறவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள். காசு கொடுத்து வந்தவன்தானே என்று யாரையும் விட்டுவிடாதே. கீழே கதவு சாத்துகிறவன் யார், திரும்பி வந்ததும் திறக்கிறவன் யார் என்று போய்ப் பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று அவன் வாயால் சொல்லவை. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இறங்கியதும் முதல் போன் எனக்கு வரவேண்டும். நான் ஹலோ என்று சொல்லமாட்டேன், அந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். ஆறு பேரும் இறங்கிட்டோம்ப்பா என்று நீ சொல்லவேண்டும். அன்றைக்குக் கணவாயில் எது விழுந்தாலும் வேறு கிரேனைக் கூப்பிடச் சொல்லி பசவனிடம் சொல்லிவிட்டேன். நான் வீட்டில் போன் பக்கத்தில் இருப்பேன். உங்கம்மாவும் இருப்பாள்.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பாஸ்போர்ட் எடுக்க மனு போட்டிருக்கிறேன், நீ பலமுறை கூப்பிட்டும் எடுக்காத பாஸ்போர்ட். அன்றைக்கு உன் போன் வராவிட்டால் நான் அங்கே வருவேன். அங்கே கூட்டம் ஏதாவது ஒரு கணக்குச் சொல்லும், பேப்பரில் ஏதாவது ஒன்று போடுவார்கள், நான் அதைக் கேட்கமாட்டேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எனக்குக் கேட்கத் தெரியும். உன் ஊர்ப் பாஷை தெரியாது. உள்ளே எத்தனை பேர் என்று அங்கே எப்படிக் கேட்பது? அந்த ஒரு வரியை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, கண்ணு. இப்போதிருந்தே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா